மீன் எப்போது கொத்தும்? ஏரியில் தூண்டில் போடப் போகிறவர்களுக்கு

தூண்டில் வாங்கிய புதிதில், ஒரு சித்திரை மாத விடியற்காலை, நாலரை மணிக்கே ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துவிட்டேன். விடியலில்தான் மீன் நன்றாகக் கொத்தும் என்று எங்கோ படித்திருந்தேன். வெளிச்சம் வந்ததும் பார்த்தால் கரையோரம் முழுக்க மீன். கெண்டையும் கட்லாவும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இவ்வளவு மீனா என்று கை பரபரத்தது. மாவு உருண்டையை அவற்றின் வாய்க்கு நேராகவே போட்டேன். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் போராடிக்கொண்டிருந்தபோது, ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவரின் காவல்காரர் சைக்கிளை நிறுத்திச் சிரித்தார். “தம்பி, அதுங்க மூச்சு விட முடியாம மேல வந்து நிக்குது. இப்பப் போய் சோறு போட்டா எப்படித் திங்கும்? வெயில் ஏறட்டும், எட்டு மணிக்கு மேல போடு.”

எட்டரைக்கு முதல் ரோகு வந்தது.

அன்றைக்கு என் முள்ளிலோ மாவிலோ தவறு இல்லை. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்க்காததுதான் தவறு. புதிதாக வருகிறவர்கள் ராடு, ரீல், இரை என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. எனவே இங்கே கருவிகளைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. சமவெளி ஏரி, கண்மாய், சிறிய அணை ஆகியவற்றில் வானிலையையும் தண்ணீரையும் பார்த்து, எப்போது, எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் போடுவது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கழிமுகத்தைப் பற்றியும் கொஞ்சம் உண்டு. நீலகிரியின் டிரவுட் மீன் குளிர்ந்த தண்ணீரில் வாழ்வது. அதன் கணக்கே வேறு என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஏரிகள் பலவும் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) குத்தகையில் இருப்பவை. உள்ளே இருக்கும் கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் யாரோ காசு கொடுத்துக் குஞ்சு வாங்கி விட்டவை. குத்தகைக்காரரைக் கேட்காமல் தூண்டில் போடாதீர்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், எங்கே போட்டால் கிடைக்கும் என்பதையும் சொல்வார்கள்.

மூச்சும் சூடும்

மீனுக்கு நம்மைப் போல நிலையான உடல் சூடு கிடையாது. தண்ணீரின் சூடே அதன் சூடு. தண்ணீர் சூடாகச் சூடாக அதன் உடல் வேகமாக வேலை செய்யும். சாப்பிட்டது சீக்கிரம் செரிக்கும், சீக்கிரம் பசிக்கும். பத்து டிகிரி கூடினால் அந்த வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அப்படியானால் கோடையில் மீன் எப்போதும் பசியோடு இருக்க வேண்டும் அல்லவா? இருக்கும், மூச்சு விட முடிந்தால்.

சிக்கலே அங்கேதான். தண்ணீர் சூடாகும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். மீனுக்குத் தேவை கூடும் நேரத்தில் இருப்பு குறைகிறது. கெண்டை வகைகளுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நல்லது. 3க்குக் கீழே இறங்கினால் இரையெடுப்பது குறையும், அதற்கும் கீழே போனால் மேலே வந்து வாய் பிளக்கும். நான் அன்று பார்த்தது அதைத்தான்.

சரி, விடியற்காலையில் ஏன்? ஏரித் தண்ணீர் பச்சையாக இருக்கிறதே, அது பாசி. பகலில் வெயிலை வாங்கி ஆக்சிஜனை வெளியே விடும் அதே பாசி, இரவு முழுக்க ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். எனவே பச்சைத் தண்ணீரில் மாலை மூன்று, நான்கு மணிக்கு ஆக்சிஜன் மிக அதிகம். சூரியன் எழுவதற்குச் சற்று முன்னால் மிகக் குறைவு. தண்ணீர் எவ்வளவு பச்சையோ அவ்வளவு ஏற்ற இறக்கம். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மேகமூட்டமாக இருந்து, காற்றும் அடிக்காவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பாசி பகலிலும் போதிய ஆக்சிஜனைத் தராது.

இதிலிருந்து உடனே கைக்கு வரும் விதி ஒன்று உண்டு. தெளிந்த தண்ணீர், ஓடும் தண்ணீர், அலை அடிக்கும் பெரிய அணை என்றால் விடியலில் போங்கள். பச்சைக் குழம்பாக நிற்கும் சின்ன ஏரி என்றால் சூரியன் ஏறி ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்துப் போங்கள், அல்லது மாலையில் போங்கள். “விடியலே சிறந்த நேரம்” என்பது பொது அறிவுரை. நம் ஊரில் அதைப் பாதிதான் நம்பலாம்.

இந்தக் கணக்குக்குள் அடங்காத மீன்களும் உண்டு. விரால், குரவை, பனையேறிக் கெண்டை, தேளி ஆகியவை தண்ணீருக்கு மேலே வந்து காற்றையே விழுங்கி மூச்சு விடும். ஆக்சிஜன் குறைந்த விடியலில் கெண்டை சுருண்டு கிடக்கும்போது விரால் சுறுசுறுப்பாகவே இருக்கும். சொல்லப்போனால், மூச்சுத் திணறும் சின்ன மீன்கள் மேலே வந்து நிற்பது விராலுக்கு விருந்து. என் முதல் நாள் அனுபவம் அமைந்தால் மாவு உருண்டையை வைத்துவிட்டு, அல்லிக் கொடிகளின் ஓரமாக ரப்பர் தவளையை இழுத்துப் பாருங்கள்.

கரைக்குப் போனதும் கால் மணி நேரம்

தூண்டிலைப் பையிலேயே வைத்துவிட்டு முதலில் நடங்கள். இதுதான் புதியவர்களால் முடியாத காரியம். எனக்கே இன்றும் கை துறுதுறுக்கும்.

முழங்கையை வைத்து ஒரு சோதனை இருக்கிறது. மீன் வளர்ப்பவர்கள் செய்வது. உள்ளங்கையை மடக்கி உங்களைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, கையை நேராகத் தண்ணீருக்குள் விடுங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் தண்ணீரில் அளவான பாசி இருக்கிறது என்று பொருள். நல்ல தண்ணீர். மணிக்கட்டு தாண்டியதுமே கை மறைந்து தண்ணீர் பச்சையாகவும் இருந்தால், காலையில் மூச்சுத் திணறல் இருக்கும். மணிக்கட்டில் மறைந்து செம்மண் நிறமாக இருந்தால் அது வெறும் கலக்கல். மீனுக்குக் கண் தெரியாது, வாசனையை நம்பித்தான் இரை தேடும். தோள்வரை விட்டும் உள்ளங்கை தெரிகிறதா? நீங்கள் மீனைப் பார்ப்பதற்கு முன் மீன் உங்களைப் பார்த்துவிடும். மெல்லிய தூண்டில் நரம்பு, சின்ன முள், கரையிலிருந்து தள்ளி உட்காருவது என்று எல்லாமே மாறும்.

அடுத்தது சூடு. மீன்தொட்டிக் கடையில் கண்ணாடி வெப்பமானி ஒன்று வாங்கி நூலில் கட்டிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. மேல் தண்ணீரில் ஒருமுறை, சின்ன ஈயம் கட்டி ஒரு மீட்டர் ஆழத்தில் ஒருமுறை, இரண்டு மூன்று நிமிடம் விட்டுப் பாருங்கள். மேலே எடுப்பதற்குள் எண் மாறிவிடும், சட்டென்று படிக்க வேண்டும். ரோகு, கட்லா போன்றவை 25 முதல் 31 டிகிரி வரை நன்றாக மேயும். 33க்கு மேல் போனால் நிழலையும் ஆழத்தையும் தேடிப் போய்விடும். 22க்குக் கீழே மந்தமாகிவிடும், நம் சமவெளியில் மார்கழி விடியலில் மட்டும் நடப்பது அது.

நடக்கும்போதே காது, கண் இரண்டையும் தண்ணீரில் வையுங்கள். ஓரிடத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் கொத்தாக வந்து, அந்தக் கொத்து மெல்ல நகர்ந்தால், அடியில் மிர்காலோ சாதாக் கெண்டையோ சேற்றைக் கிளறி மேய்கிறது. ஒரே இடத்தில் விட்டுவிட்டு ஒற்றைக் குமிழி வந்தால் அது வெறும் சேற்று வாயு, ஏமாறாதீர்கள். நானும் ஒரு மதியம் முழுக்கச் சேற்று வாயுவுக்குப் புண்ணாக்கு உருண்டை போட்டிருக்கிறேன். சின்ன மீன்கள் திடீரென்று சிதறித் துள்ளினால் கீழே விராலோ வாளையோ துரத்துகிறது. கொக்கும் நாரையும் எந்த ஓரத்தில் கூடியிருக்கின்றன என்றும் பாருங்கள். நம்மைவிட அவற்றுக்கு அனுபவம் அதிகம்.

எந்த மட்டத்தில் போடுவது

மீன் வளர்ப்பில் மூன்று இனங்களைச் சேர்த்து விடுவதற்கே காரணம், மூன்றும் மூன்று மட்டத்தில் மேய்வதுதான். கட்லா மேல்மட்டம், ரோகு நடுமட்டம், மிர்கால் அடிமட்டம். தூண்டில்காரருக்கு இதுவே பாதி வரைபடம். மீதிப் பாதியை வானிலை வரையும்.

காலையில் வெயில் ஏறி மேல் தண்ணீர் இதமாகச் சூடானதும் கட்லாவும் ரோகும் மேலே வரும். அப்போது தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவே இரண்டடி, மூன்றடி போதும். நண்பகல் வெயிலில் மேல் தண்ணீர் 34 டிகிரியைத் தொட்டால் இறங்கும். எவ்வளவு இறங்கும்? அடிவரை போகும் என்று நினைத்துத்தான் பலரும் தவறு செய்கிறார்கள். காற்றில்லாத கோடை நாளில், ஆழமான இடத்தின் அடித் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. மேலும் கீழும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும். மேலே சூடு, கீழே மூச்சு முட்டல், மீன் நடுவில் நிற்கும். பத்தடி ஆழமுள்ள இடத்தில் நான்கைந்து அடியில் போட்டுப் பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை தக்கையை அரையடி ஏற்றியோ இறக்கியோ தேடுங்கள். இரையை மாற்றுவதைவிட இது பலமுறை எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

நிழலை மறக்காதீர்கள். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்கள், மதகின் மேடை, கரையில் சாய்ந்த பனை ஆகியவற்றின் அடியில் அக்னி நட்சத்திர வெயிலிலும் ஏதாவது ஒன்று நிற்கும். ஆகாயத்தாமரை மட்டும் விதிவிலக்கு. ஓரமாகக் கொஞ்சம் இருந்தால் நல்ல நிழல். ஏரி முழுக்க மூடியிருந்தால் அடியில் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. அங்கே விரால், தேளி தவிர வேறெதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

இரையின் அளவும் வானிலையைப் பொறுத்ததே. தண்ணீர் இதமாக இருந்து மீன் மேயும் நாளில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து தாராளமாகத் தூவலாம். வெயில் கொளுத்தும் நாளிலும் மேகமூட்டமான புழுக்கத்திலும் ஒரு கைப்பிடிக்கு மேல் போடாதீர்கள். மீன் தின்னாமல் விட்டது அடியில் அழுகி, இருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். முள்ளில் வைப்பதும் சின்னதாக இருக்கட்டும், ஒரு துண்டு மண்புழுவோ பட்டாணி அளவு மாவோ போதும்.

காற்று

தூண்டில்காரருக்குக் காற்று பிடிக்காது. நரம்பு சிக்கும், தக்கை நகரும், ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது நம் மாவு உருண்டை எங்கே போய் விழும் என்று யார் கண்டது. ஆனால் மீனுக்குக் காற்று பிடிக்கும். அலை அடித்தால் தண்ணீரில் ஆக்சிஜன் கலக்கிறது. மேல்பரப்பு நெளிவதால் வெளிச்சம் உடைந்து, கரையில் நிற்கும் உங்கள் உருவம் மறைகிறது. மிதக்கும் பூச்சி, நுண்ணுயிர் எல்லாம் காற்று தள்ளும் கரையில் போய்ச் சேர்கின்றன. அவற்றைத் தின்னச் சின்ன மீன், அதைத் தின்னப் பெரிய மீன்.

ஆகவே காற்று முகத்தில் அடிக்கும் கரையில் உட்காருங்கள். வீசுவது தெற்கிலிருந்து வரும் தென்றல் என்றால் வடகரை, வடக்கிலிருந்து வரும் வாடை என்றால் தென்கரை. கிழக்கிலிருந்து வரும் கொண்டலுக்கு மேல்கரை, மேற்கிலிருந்து வரும் கோடைக்குக் கீழ்க்கரை. காற்று அடிக்க ஆரம்பித்த உடனே பலன் இருக்காது, இரண்டு மூன்று மணி நேரமாவது ஒரே திசையில் அடித்திருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து அணைகளில் ஆனி, ஆடியில் இது நாள் கணக்கில் தொடரும். அங்கே கீழ்க்கரையில் தண்ணீர் கலங்கி ஒரு பட்டை ஓடும். கலங்கலும் தெளிவும் சேரும் அந்தக் கோட்டில் போடுங்கள்.

இதற்கும் ஒரு விலக்கு உண்டு. காற்று பச்சை ஆடையை, அதாவது கெட்டியாகத் திரண்ட பாசியை, ஒரு கரையில் ஒதுக்கி, அது நாற்றமடிக்கத் தொடங்கியிருந்தால் அந்தக் கரை வேண்டாம். எதிர்க்கரைக்குப் போங்கள்.

மழை

மழை பெய்தால் மீன் கொத்துமா என்று ஒரே கேள்வியாகக் கேட்கிறார்கள். எந்த மழை என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

மெல்லிய தூறல், அரை நாள் மேகம், கொஞ்சம் காற்று என்றால் கிளம்புங்கள். மேல் தண்ணீர் குளிரும், வெளிச்சம் மங்கும், புல்லிலிருந்து பூச்சிகள் தண்ணீரில் விழும். பகலிலேயே மாலை நேரம்போல மீன் மேயும். கோடையில் புழுங்கிக்கொண்டிருந்த ஏரியில் இப்படி ஒரு தூறலுக்குப் பிறகு கிடைக்கும் இரண்டு மணி நேரம், அந்த மாதத்திலேயே சிறந்த நேரமாக இருக்கலாம்.

நீண்ட வெயிலுக்குப் பிறகு ஒரே இரவில் கொட்டும் கோடை மழை வேறு. குளிர்ந்த மழை நீர் கனமாகக் கீழே இறங்கி, அடியில் ஆக்சிஜன் இல்லாமல் கிடந்த தண்ணீரையும் சேற்றையும் கிளப்பிவிடும். தெருச் சாக்கடையும் வயல்வெளிக் குப்பையும் வந்து சேரும். மறுநாள் காலை ஏரியில் மீன் செத்து மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். விஷம் கலந்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பும், பல நேரங்களில் காரணம் இந்தக் கலக்கல்தான். எதுவாக இருந்தாலும் மிதக்கும் மீனை எடுத்துச் சமைக்காதீர்கள். அந்த ஏரியை இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தருவது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் கடைசியிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் ஏறத் தொடங்கும். தண்ணீர் ஏறும்போது மீன் கரைக்கு வரும் என்பதை நினைவில் வையுங்கள். நேற்றுவரை புல் தரையாக இருந்த இடம் இன்று முழங்கால் தண்ணீர், அதில் மண்புழு, வெட்டுக்கிளி, எறும்பு எல்லாம் மிதக்கும். பெரிய கெண்டைகூட முதுகு தெரியும் அளவு ஆழத்துக்கு வந்து மேயும். புதியவர்கள் இந்த நேரத்தில்தான் முழு பலத்தோடு நடு ஏரிக்கு வீசுவார்கள், மீன் காலடியில் இருக்கும். வரத்துக்கால் ஏரிக்குள் விழும் இடத்தில் மண்புழுவை வைத்து, தக்கையை ஒன்றரையடிக்கு இறக்கிப் போடுங்கள். ஓட்டத்தின் நடுவில் வேண்டாம், ஓட்டம் தளர்ந்து சுழலும் ஓரத்தில் போடுங்கள். தண்ணீர் செந்நிறமாக இருந்தால் மாவில் கொஞ்சம் வெல்லமோ வறுத்த புண்ணாக்கோ சேருங்கள், வாசனை வேண்டும்.

தண்ணீர் இறங்கும்போது நேர்மாறு. பாசனத்துக்கு மதகு திறந்து மட்டம் குறைய ஆரம்பித்தால் மீனுக்குப் பயம் வந்துவிடும், கரையை விட்டுப் பள்ளத்துக்குப் போகும். அப்போது மதகுக்கு முன்னாலுள்ள ஆழம், கரைக்கு மண் எடுத்த பழைய குழி போன்ற இடங்களைத் தேடுங்கள். ஊர்ப் பெரியவர்களுக்கு அந்தக் குழிகள் தெரியும். ஏரி வற்றியிருக்கும் சித்திரை, வைகாசியில் ஒருமுறை நடந்து, கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் தை மாதம்வரை பயன்படும்.

மழைக்காலத்தில் மனசாட்சி கொஞ்சம் வேலை செய்யட்டும். புதுத் தண்ணீருக்கு எதிராகச் சின்னக் கெண்டைகள் சினையோடு கால்வாயில் ஏறும்போது வழியை மறித்துப் பிடிப்பது எளிது, செய்யாதீர்கள். விராலும் குஞ்சு காக்கும் மீன். தண்ணீரின் மேல் சிவப்பாக ஒரு கூட்டம் கொதிப்பதுபோலத் தெரிந்தால் அது விரால் குஞ்சுகள், அடியில் தாயும் தகப்பனும் நிற்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும், பசியால் அல்ல, கோபத்தால். அதைப் பிடித்தால் குஞ்சுகள் அன்று மாலைக்குள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

மார்கழியும் தையும்

மழை ஓய்ந்து ஏரி நிறைந்து கிடக்கும். வாடைக்காற்றில் இரவில் மேல் தண்ணீர் குளிர்ந்துவிடும். கோடைக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். விடியலில் போய் நடுங்க வேண்டாம். காலை ஒன்பதரைக்கு மேல், வெயில் நேராக விழும் ஆழம் குறைந்த கரையில் போடுங்கள். மதியம் இரண்டு மூன்று மணிவரை நன்றாக இருக்கும். கொத்தும் மெதுவாக இருக்கும். தக்கை முழுகாது, லேசாகச் சாய்ந்து நகரும், அவ்வளவுதான். சின்னத் தக்கையாக மாற்றினால்தான் தெரியும்.

காற்றழுத்தமும் நிலவும்

கைபேசியில் தூண்டில் ஆப் வைத்திருப்பவர்கள் “காற்றழுத்தம் இறங்குகிறது, இப்போது மீன் கொத்தும்” என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நான் இதை நம்புவதில்லை. காரணம் எளிய கணக்கு. புயல் இல்லாத நாளில் நம் பகுதியில் காற்றழுத்தம் தினமும் காலை பத்து மணி வாக்கில் உச்சத்தைத் தொட்டு, மாலை நான்கு மணி வாக்கில் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) இறங்கும். இரவு பத்துக்கு மறுபடி ஏறும். வெப்பமண்டலத்தில் இது அன்றாடம் நடப்பது. ஆகவே குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய ஆப், நம் ஊரில் தினமும் மதியம் அழுத்தம் இறங்குகிறது என்று உற்சாகப்படும். மீன் தண்ணீருக்குள் வெறும் பத்து சென்டிமீட்டர் கீழே போனாலே அதன்மேல் அழுத்தம் பத்து ஹெக்டோபாஸ்கல் கூடிவிடும். அது நாள் முழுக்க ஏறி இறங்குகிறது, இந்த மூன்று நான்கைப் பொருட்படுத்துமா? அழுத்தம் நிஜமாகவே இறங்கும் நாளில் மேகம், காற்று, மழை எல்லாம் கூட வருகின்றன. மீன் மாறுவது அவற்றால்தான் என்று நினைக்கிறேன்.

நிலவைப் பார்த்து நேரம் குறிக்கும் சோலூனார் அட்டவணையும் அப்படித்தான். 1926இல் அமெரிக்கரான ஜான் ஆல்டன் நைட் முன்வைத்தது. ஏரியில் அதனால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை. பௌர்ணமி இரவு வெளிச்சத்தில் மீன் இரவெல்லாம் மேய்ந்துவிட்டு மறுநாள் காலை மந்தமாக இருப்பதுபோலத் தோன்றியிருக்கிறது, அவ்வளவே. ஆனால் கடல் தண்ணீர் வந்துபோகும் இடத்துக்குப் போனால் நிலவுதான் முதலாளி.

கழிமுகத்தில்

முட்டுக்காடு போன்ற முகத்துவாரத்தில் வெப்பமானியைவிடக் கடிகாரம் முக்கியம். கடல் ஏறுவதும் இறங்குவதும் நாளுக்கு இருமுறை, இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். எனவே இன்று கொத்திய நேரம் நாளை ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாள் ஏற்ற இறக்கம் பெரிது, ஓட்டம் வேகம். அஷ்டமியை ஒட்டி மந்தம். சென்னைப் பக்கம் பெரிய ஏற்றமே ஒரு மீட்டர் அளவுதான், ஆனால் குறுகலான வாயில் அதுவே நல்ல ஓட்டம்.

தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் டீ குடியுங்கள். ஓட்டம் தொடங்கியதும் எழுந்து போடுங்கள். தண்ணீர் வெளியே வடியும்போது இறாலும் குட்டி மீனும் அதனோடு இழுபட்டு வரும். கொடுவா பாலத்தூணின் பின்னாலோ கல்லின் பின்னாலோ ஓட்டம் படாத இடத்தில் நின்றுகொண்டு அவற்றைப் பிடிக்கும். கடல் உள்ளே ஏறும்போது மணல் கரையில் கிழங்கான், மடவை மேய வரும். கடல் ஏற்ற இறக்க அட்டவணையில் இருப்பது கடலோர நேரம், உள்ளே தள்ளிப் போகப் போகத் தாமதமாகும். எவ்வளவு என்பதைக் கரையில் ஒரு குச்சி நட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மணல் மேடு வாயை அடைத்திருக்கும் மாதங்களில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அப்போது அது உப்பு ஏரி, ஏரிக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

போகக் கூடாத நாள்

இடி கேட்டால் கிளம்பிவிடுங்கள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். வெட்டவெளி ஏரிக்கரையில் அதை உயர்த்திப் பிடித்து நிற்பவர்தான் அங்கே உயரமானவர். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே திரும்பலாம். சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசியிலும் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். மின்கம்பிக்கு அடியிலும் அதே ராடு ஆபத்துதான்.

அணைக்குக் கீழே ஆற்றில் போடுகிறவர்கள் தண்ணீர் திறப்புச் செய்தியைப் பார்த்துவிட்டுப் போங்கள். மேட்டூர் அணை 120 அடியை எட்டி நிறைந்து கிடக்கும் நாட்களில், உங்கள் தலைக்கு மேல் சொட்டு மழை இல்லாவிட்டாலும் காவிரியின் நடுப்பாறை சில மணி நேரத்தில் மூழ்கிவிடும். கன்னியாகுமரிக் கடற்கரையில் வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும்போதும் தொலைதூரப் பெருங்கடலில் எழுந்த அலை வந்து இழுத்துவிடும், கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்த நாளிலும் எச்சரிக்கை இருந்தது. பாறை மேல் நின்று தூண்டில் போடுவதற்கு முன் அன்றைய கடல் எச்சரிக்கையைப் பாருங்கள்.

நோட்டுப் புத்தகம்

நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம், மேலே எத்தனை டிகிரி, ஒரு மீட்டரில் எத்தனை, கை எங்கே மறைந்தது, தக்கை எத்தனை அடி, என்ன கிடைத்தது. ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுதுங்கள், அதுதான் அதிகம் சொல்லித்தரும். ஓர் ஏரியில் ஓராண்டு எழுதினால் அந்த ஏரிக்கு எந்த ஆப்பும் தேவைப்படாது. என் நோட்டிலிருந்து இரண்டு நாட்கள்:

“மே 9. காலை 5 முதல் 7.30. காற்று இல்லை. மேலே 30, கீழே 30. கை மணிக்கட்டில் மறைந்தது, பச்சை. கட்லா மேலே வந்து வாய் பிளந்தது. ஒன்றும் இல்லை. 8.40க்கு மேல் மூன்றடியில் இரண்டு ரோகு. 11க்கு மேலே 33, நின்றுவிட்டது.”

“நவம்பர் 2. மதியம் 2 முதல் 5. தூறல், வடகிழக்குக் காற்று. மேலே 27. தண்ணீர் செம்மண். வரத்துக்கால் ஓரம், ஒன்றரையடி, மண்புழு. கெளுத்தி 4, கெண்டை 7, ஓர் ஆமை (விட்டாச்சு). செருப்பு ஒன்று சேற்றில் போனது.”